அவர் பெயரில் நான் படித்த புத்தகங்கள்

உளவாளிகளைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்குக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. எவன் எந்த நாட்டின் ரகசியத்தை எந்த நாட்டுக்கு விற்றான், எவன் எத்தனை வருஷம் பொய்ப் பெயரில் குடும்பம் நடத்தினான், எந்த ஆட்சி எந்தக் கோப்பினால் ஆட்டம் கண்டது, எல்லாம் படித்தவள் நான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பெருமை பேசித்தான் ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற சாலையில், ஏற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஓர் ஊர். பேர் வேண்டாம். அங்கே ஒற்றை அறை நூலகம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதற்கு நூலகராகப் போனேன். நூலகர் என்றால் பெருக்குவது, பல்லி எச்சம் துடைப்பது, குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பது எல்லாம் சேர்த்துத்தான். வீடு சின்னசேலத்தில். தினமும் இரண்டு பஸ் மாறி வந்து கதவைத் திறந்து, செய்தித்தாளை மேஜையில் விரித்துவிட்டு உட்காருவேன். அதைப் படிக்க நாலு பெரியவர்கள் வருவார்கள். அவர்கள் எழுந்து போய்விட்டால் சாயங்காலம் வரை நானும் மின்விசிறியும்தான்.

வருஷத்துக்கு ஒரு தரம் மேலிடத்திலிருந்து புத்தக மூட்டை வரும். யார் தேர்ந்தெடுத்தார்களோ, ஒரு வருஷம் மூட்டையைப் பிரித்தால் முக்கால்வாசி உலகப் போர், புரட்சி, பனிப்போர், ஒற்றர்கள். தடித் தடியாக இருந்தன. பாதிக்கு மேல் மொழிபெயர்ப்பு. மூச்சு முட்டுகிற தமிழ். எங்கள் ஊரில் கேட்பது ஜோசியம், சமையல், வாரப் பத்திரிகை, பரீட்சைக்கான கையேடு. இந்தத் தடியன்களை யாரும் தொடவில்லை. நான் தொட்டேன். முதலில் பொழுது போகாமல். பிறகு, சொல்லப்போனால், வெறி பிடித்து.

எனக்கு அதில் பிடித்தது துப்பாக்கியோ சண்டையோ இல்லை. அவர்களுடைய அலுவலகம். ஒரு மனிதனைப் பற்றி அவன் பக்கத்து வீட்டுக்காரன் எழுதிக்கொடுக்கிறான், அதை ஒருவன் நகல் எடுக்கிறான், இன்னொருவன் கோப்பில் சேர்க்கிறான், யாரோ எங்கேயோ ஒரு முத்திரை குத்துகிறான், இந்த மனிதன் காணாமல் போகிறான். நடுவில் இருக்கிற ஒருவன் கூடக் கெட்டவன் இல்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்கள். ஒரு புத்தகத்தில், வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட உளவாளி ஒருவனுக்குத் தகவல் தர அங்கே ஒருத்தரும் கிடைக்கவில்லை. அவன் என்ன செய்தான் தெரியுமா? தானே ஆட்களை உண்டாக்கினான். இவன் துறைமுகத்தில் வேலை செய்கிறான், இவளுக்குக் குடிகாரக் கணவன் என்று கதை கட்டி, அவர்கள் சொன்னதாக வாராவாரம் எழுதி அனுப்பினான். தலைமையகம் நம்பியது. பஸ்ஸில் அதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து சீட்டு அம்மா தள்ளி உட்கார்ந்தார். அடப்பாவி, இவன் நம்ம ஆள் என்று தோன்றியது.

ஏன் என்றால் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு இத்தனை புத்தகமாவது நூலகத்தை விட்டு வெளியே போயிருக்க வேண்டும் என்று ஒரு எண்ணிக்கை உண்டு. கம்மியானால் ஆய்வுக்கு வருகிற அதிகாரி செய்தித்தாள் பெரியவர்கள் முன்னாலேயே கேட்பார்: "இன்னாம்மா, தூங்கிக்கினு இருக்கியா? மூடிடலாம்னு எழுதட்டா?" யாரும் வராத ஊரில் எண்ணிக்கைக்கு எங்கே போவது? ஆகவே எழுதுவேன். வராதவர் வந்ததாக, எடுக்காததை எடுத்ததாக, இரண்டு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்ததாக. வாங்குகிறவர் கையெழுத்து எங்கள் நூலகத்தில் தேவையில்லை. நான் நோட்டில் எழுதினால் போதும். எனக்கு முன்னால் இருந்தவரின் நோட்டைப் புரட்டியபோது, பத்து வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனவர் மாதம் நாலு புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

ஆனால் எனக்கு ஒரு திமிர் உண்டு. பொய் எழுதினாலும் பொருத்தமாக எழுத வேண்டும். ரைஸ் மில்காரருக்கு ஜோசியம். டீக்கடை அம்மாவுக்குச் சமையல். கோயில் பூசாரிக்குப் பக்தி, நடுவில் ஒரு முறை வேண்டுமென்றே ஒரு துப்பறியும் நாவல். அதிகாரி நோட்டைப் பார்த்துவிட்டு, "பரவால்லியே, ஊரு நல்லா படிக்குதே" என்றபோது எனக்கு உச்சி குளிர்ந்தது.

தடியன்களுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. அவற்றை நான் வீட்டுக்கு எடுத்துப் போவேன். நூலகர் பெயர் எண்ணிக்கையில் சேராது, அலமாரியில் இடம் காலியாக இருந்தால் வேறு யார் பெயரிலாவது இருந்தாக வேண்டும். புரட்சியையும் பனிப்போரையும் படிக்கக்கூடியவர் என்று இந்த ஊரில் யாரைச் சொல்வது? உறுப்பினர் படிவங்களைப் புரட்டினேன். ஒரு படிவத்தில் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

அவர் மலைக்காரர். கரியாலூரையும் தாண்டி உள்ளே ஒரு ஊர். சாமையும் தினையும் போடுகிற குடும்பம், இவர்தான் அந்த வீட்டில் முதலில் பன்னிரண்டாவது முடித்தவர். முப்பதைத் தொடப்போகிற வயது. அரசு வேலைப் பரீட்சைக்குக் கையேடு வேண்டும் என்று வந்து உறுப்பினராகி, ஒரே ஒரு தரம் எடுத்துப் போய், சரியான தேதிக்குத் திருப்பிக் கொடுத்தார். அப்போது சொன்னார்: "பஸ்ஸு ஒத்து வர்ல அக்கா. கீழ எறங்கி வந்தா ஒரு நாளு கூலி போய்டுது." அதற்கப்புறம் வரவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்து எனக்குப் பிடித்துவிட்டது. படிக்கிற ஆள் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அவர் பெயரில் எழுத ஆரம்பித்தேன்.

இரண்டு வருஷம். முதலில் உலகப் போர்கள், பிறகு புரட்சிகள், பிறகு ஒற்றர்கள் என்று வரிசையாகக் கொடுத்தேன். நான் மெதுவாகப் படித்தால் அவரும் மெதுவாகப் படித்தார். என் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தபோது அவரும் ஒரு மாதம் எதுவும் எடுக்கவில்லை. காட்டு வேலை முடித்து வந்து, கை கழுவி, பாறை மேல் உட்கார்ந்து அவர் பக்கம் திருப்புவதாக நினைத்துக்கொள்வேன். வீட்டுக்காரரிடம் இந்தப் புத்தகங்களைப் பற்றிப் பேசினால், "உப்பு ஜாஸ்தி ஆயிட்ச்சி, உளவாளி அம்மா" என்பார். அதனாலோ என்னவோ, மலையில் ஒருத்தர் என்னோடு சேர்ந்து படிக்கிறார் என்பது எனக்குத் துணையாக இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

ஒரு மதியம் மொபெட்டில் ஒருவர் வந்தார். கட்டம் போட்ட சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. போலீஸ் தனிப்பிரிவு என்று தாழ்ந்த குரலில் சொன்னார். சீருடை போடாமல் ஊர் ஊராக விசாரித்து எழுதுகிற ஏட்டு. அந்த வருஷங்களில் தீவிரவாதிகள் பதுங்குகிறார்கள் என்று மலையில் புதிதாக ஒரு தலை தெரிந்தாலே விசாரணைதான், அதனால் நான் பயப்படவில்லை. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.

"மலைல ஒருத்தரு கவர்மெண்டு வேலைக்கு செலக்ட் ஆயிருக்காரும்மா. ஆளு எப்டின்னு விசாரிச்சி எழுதணும். இங்க மெம்பர்னு சொன்னாங்க," என்று பெயரைச் சொன்னார்.

என் மனிதர். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? நானே பரீட்சை எழுதித் தேறின மாதிரி இருந்தது. ஏட்டு கேட்டார்: "படிக்கிற ஆளா?"

வாயை மூடிக்கொண்டு, எப்போதோ ஒரு கையேடு எடுத்தார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க," என்றேன். "இந்த தாலுகாவுலயே அவர மாரி படிக்கிறவங்க கெடயாது. கண்டத படிக்க மாட்டாரு. உலக அரசியல் எல்லாம் அத்துப்படி." சொன்னதோடு விடவில்லை, நோட்டை எடுத்துப் போட்டேன். என் நோட்டை முதல் முறையாக ஒருவர் வரி வரியாகப் படித்தார். அவர் தலைப்புகளை எழுதிக்கொண்டார். புரட்சி, சதி, ரகசியம், ஒற்றர் என்று வந்துகொண்டே இருந்தது. அவர் பக்கம் திருப்பும்போது ஒன்றை விட்டுவிட்டார். "இத விட்டுட்டீங்க சார், இதயும் எழுதுங்க" என்று விரல் வைத்துக் காட்டினேன். படிப்பாளி என்று தெரிந்தால் வேலைக்கு நல்லதுதானே என்ற நினைப்பு. இப்போது நினைத்தாலும் அந்த விரலை வெட்டிப் போடலாம் போல் இருக்கிறது.

கிளம்பும்போது அவர் சொன்னார்: "நோட்டு நெரம்பிட்ச்சிம்மா. ஒண்ணுமில்லன்னு எழுதி குடுத்தா, நீ போவவே இல்லன்றாரு எங்க ஐயா." நான் சிரித்தேன். நம்மைப் போலவே இவருக்கும் எண்ணிக்கை என்று நினைத்தேன். அத்தனை புத்தகம் படித்தவளுக்கு, அந்த அலுவலகம் மொபெட்டில் ஏறி என் வாசலுக்கே வந்திருக்கிறது என்று உறைக்கவில்லை.

நாலு மாதம் கழித்து அவர் வந்தார், மலைக்காரர். கன்னம் ஒட்டியிருந்தது. வேலை உத்தரவு வரவில்லை, விசாரணை அறிக்கை சரியில்லை என்று நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். என் எதிரே உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"டேசன்ல கூப்ட்டு கேக்கறாங்க அக்கா. புரட்சி புஸ்தகம், ஒற்றன் புஸ்தகம்லாம் எதுக்கு படிச்சன்னு. நான் படிக்கவே இல்லீங்கன்னேன். படிச்சது தப்பில்லடா, ஏன் மறைக்கிறன்றாங்க. இல்லாதத எப்டி ஒத்துக்கறது?"

எடுத்தேன் என்று சொன்னால் குற்றம், இல்லை என்றால் மறைக்கிற குற்றம். இந்தப் பொறியை நான் பத்துப் புத்தகத்தில் படித்திருக்கிறேன்.

"வேற யாரு பேருக்கோ பதிலா எம்பேரு வந்துட்ச்சி போல," என்றார். என் மேல் அவருக்குத் துளி சந்தேகம் இல்லை. "நீங்க ஒரு லெட்டரு குடுத்தா சரியாயிடும்ன்றாங்க. இந்த வருசம் தாண்டிட்டா எனக்கு வயசு போய்டும். அப்பறம் எழுதவே முடியாது."

அடுத்த வாரம் வாங்க என்று அனுப்பினேன். அன்று இரண்டு பஸ்ஸிலும் அழுதேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்: "நெசத்த எழுதுனா உன் வேல போவும். அவருக்கு வேல வரும்னு இன்னா நிச்சயம்?" அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது. ஒரு வாரம் யோசித்து, முழு உண்மையும் இல்லாமல் முழுப் பொய்யும் இல்லாமல் ஒரு கடிதம் தயாரித்தேன். "பதிவில் தவறு நேர்ந்திருக்கலாம். மேற்படியாரின் அட்டையில் வேறு எவரேனும் நூல்களைப் பெற்றிருக்கலாம்." நேர்ந்திருக்கலாம், பெற்றிருக்கலாம். யார் செய்தது என்று தெரியாதபடி எழுதுகிற அந்த நடையை அந்தத் தடியன்களிடம்தான் கற்றுக்கொண்டேன். முத்திரை குத்திக் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ரொம்ப ஒத்தாசை பண்ணீங்க அக்கா" என்றார்.

அந்தக் கடிதம்தான் அவரை முடித்தது. அது வரை படிக்கிற ஆளாக மட்டும் இருந்தார். இப்போது அவர் அட்டையில் வேறு ஒருவன் புத்தகம் வாங்கியிருக்கிறான். அவன் யார்? மலையில் எங்கே தங்கியிருக்கிறான்? அட்டையை அவனுக்கு ஏன் கொடுத்தாய்? இல்லாத ஒருவனுடைய பெயரைச் சொல்லச் சொல்லி இரண்டு நாள் உட்கார வைத்திருக்கிறார்கள். "அடிக்கல அக்கா. பெஞ்சில உக்கார வெச்சிட்டாங்க, அவ்ளோதான்," என்று அடுத்த தரம் வந்தபோது சொன்னார். என்னைச் சமாதானப்படுத்துகிற குரல். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாளே விடுப்பு எழுதிப் போட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சிக்குப் போனேன். ஏட்டு ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். ஓரமாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணிக்கைக்காக எழுதியது, அவர் பெயரைப் பிடித்தது, கடிதம், எல்லாம். அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"அப்ப அந்த புக்கெல்லாம் படிச்சது யாரு?"

"நான்தான் சார்."

என் புடவையைப் பார்த்தார், சாப்பாட்டுப் பையைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "நீங்களா?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்தாளு உங்களுக்கு இன்னா வேணும்மா?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் முழு உண்மையைச் சொல்லியிருக்கிறேன், அது ஒரு ஆம்பிளையைக் காப்பாற்றுகிற பொய்யாகத் தெரிகிறது. இல்லை சார், இல்லை சார் என்று நான் சொல்லச் சொல்ல அது இன்னும் அப்படியே தெரிந்தது.

"நீங்க சொல்றது நெசம்னே வெச்சிக்குவோம்," என்றார் அவர். கெட்டவர் இல்லை. "எழுதினது மேல போய்ட்ச்சி. இப்ப மாத்தி எழுதினா, மொத எழுதினது பொய்யின்னு ஆவும். எனக்கும் வூட்ல ரெண்டு பொண்ணுங்க இருக்குது. வூட்டுக்கு போங்க."

விடவில்லை. மேலதிகாரிகளுக்கு நடந்ததை நடந்தபடி எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். என்னை வேலையை விட்டுத் தூக்கும் கடிதம் வரும் என்று தினமும் தபால்காரரைப் பார்த்தேன். நம்புங்கள், அது வந்தால் போதும் என்றிருந்தது. அதுவாவது நான் சொன்னது உண்மை என்பதற்கு ஒரு சாட்சியாக இருக்கும். வரவில்லை. எதுவுமே வரவில்லை. ஆய்வு அதிகாரி வழக்கம்போல வந்தார், நோட்டைப் பார்த்தார், "நல்லா பண்ணிக்கினு இருக்க" என்றார். மலைக்காரருக்கு வயது வரம்பு தாண்டியது. எனக்கு அந்த வருஷம் சம்பள உயர்வு வந்தது.

அந்தப் புத்தகங்களில் ஒரு விஷயம் வரும். சில நாடுகளில் ஆட்சி விழுந்த பிறகு கோப்பு அறைகளைத் திறந்துவிட்டார்களாம். ஜனங்கள் வரிசையில் நின்று, தங்களைக் காட்டிக்கொடுத்தது யார் என்று பார்த்தார்களாம். அண்ணன், சிநேகிதன், கட்டின புருஷன். படித்தபோது ஐயோ பாவம் என்றிருந்தது. பிறகு பொறாமையாக இருந்தது. இங்கே யார் எந்த அறையைத் திறக்கப் போகிறார்கள்? என் நோட்டுகள் பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டன. அவரிடம் நானே சொன்னால்தான் உண்டு.

சொன்னேன். ஒன்றரை வருஷம் கழித்து. மலையிலிருந்து ஆட்களை வெளி மாநிலத் தோட்ட வேலைக்கு லாரியில் ஏற்றிப் போவார்கள். அந்த லாரிக்காக எங்கள் ஊர் சாலையில் காத்திருந்த கும்பலில் அவரும் இருந்தார். தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். துணிப்பை ஒன்று, கம்பளி ஒன்று. "எப்டி இருக்கீங்க அக்கா?" என்றார். நான் எழுந்து நின்று, அவர் முகத்தைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். திட்டட்டும், கையை ஓங்கட்டும் என்று நின்றேன்.

அவர் தண்ணீர் டம்ளரை மேஜையில் வைத்தார். பிறகு அலமாரிப் பக்கம் போனார்.

"எந்த புஸ்தகம்லாம் அக்கா?"

காட்டினேன். இரண்டு தட்டு. அவர் முதுகைக் காட்டி நின்று ஒவ்வொரு தலைப்பாக வாய்க்குள் படித்தார்.

"இதுல எத்த மொதல்ல படிச்சேன் நானு?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். முதல் புத்தகத்தை உருவிக் கொடுத்தேன். வாங்கி, பிரித்து, முதல் பக்கத்தை நிதானமாகப் படித்தார். இரண்டாவது பக்கம் திருப்பினார். அவர் படிக்கிற ஆள்தான். அதில் மட்டும் நான் பொய் எழுதவில்லை. மூன்றாவது பக்கத்தில் இருக்கும்போது வெளியே லாரி ஹாரன் அடித்தது.

"எடுத்துட்டு போங்க," என்றேன். "எந்த நோட்லயும் எழுத மாட்டேன். திருப்பிக் குடுக்கவே வேணாம்."

அவர் புத்தகத்தைத் துணிப்பைக்குள் வைத்தார். வாசல் வரை போனார். அங்கே நின்று, லாரியில் ஏறிக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்தார். திரும்பி வந்து புத்தகத்தை வெளியே எடுத்தார்.

"வேணாம் அக்கா," என்றார். "வழில எங்கனா செக் பண்ணுவாங்க."

எடுத்த இடத்திலேயே அதைச் சரியாக வைத்துவிட்டு, போய் லாரியில் ஏறிக்கொண்டார்.